கத்தரிக்கோல் பிடித்த கையில் பத்திரிகை



பள்ளிப் பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் உண்டு. என் வகுப்புப் பையன் ஒருவன் அதை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தான். அவன் அப்பா டவுன்ல முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். "எழுதலாமா சார்? சிரிப்பாங்களே" என்றான். அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, டொமினிக் ஜீவாவின் கதையைச் சொன்னேன்.

இலங்கை யாழ்ப்பாணத்தில் 1927-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சாதியின் பேரால் மனிதனை ஒதுக்கிய காலம் அது. படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோக, குடும்பத் தொழிலான முடிதிருத்தும் வேலைக்கு வந்தார். ஆனால் வாசிப்பை விடவில்லை. தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மேல் கொண்ட பற்றினால் தம் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். 1960-ல் வந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

1966 ஆகஸ்டில் 'மல்லிகை' என்ற இலக்கிய மாத இதழைத் தொடங்கினார். ஆபீஸ் எங்கே தெரியுமா? அந்த ஜோசப் சலூன்தான்! ஒரு பக்கம் முடிவெட்டு, மறுபக்கம் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் உட்கார்ந்து இலக்கியப் பேச்சு. அச்சாகி வந்ததும் அவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்பார். ஆசிரியரும் அவரே, விற்பனையாளரும் அவரே. நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? எனக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டுக் கௌரவித்தார். புதியவர்களுக்கு இடம் கொடுத்தார். சிங்களக் கதைகளைத் தமிழாக்கி வெளியிட்டார். இரண்டு இனமும் மோதிக்கொண்டிருந்த நாட்டில் இது சாதாரண காரியமா? போர் முற்றி, 1990-களில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. மல்லிகையும் கூடவே போனது. 2012 வரை, 46 ஆண்டுகளில் 400 இதழ்களுக்கு மேல்! பணக்காரர்கள் நடத்திய எத்தனையோ பத்திரிகைகள் பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை.

தாம் முடிவெட்டுகிறவர் என்பதை அவர் எங்கும் மறைத்ததில்லை. மேடையிலும் சொன்னார், புத்தகத்திலும் எழுதினார். 2021 ஜனவரியில், 93 வயதில் கொழும்பில் காலமானார்.

மல்லிகையின் பழைய இதழ்கள் பலவற்றை 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். வேண்டியவர்கள் மாலையில் பள்ளிக்கு வந்தால் காட்டித் தருகிறேன். அந்தப் பையனின் அப்பா கடைக்கு ஓர் இதழைப் படியெடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம்.