தலைச்சுமையில் ஏறிய வீடு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு இன்று பேருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தது ஒற்றையடிப் பாதை மட்டுமே. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் மேலே போகத் தயங்கிய காலம் அது. அந்தப் பாதையில்தான் ஒரு மரவீடு துண்டு துண்டாக ஏறிப் போனது.

வீட்டைக் கட்டியவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டட வேலை தெரிந்த ஆங்கிலேயப் பாதிரியார். லண்டனில் ஓராண்டு மருத்துவமும் கற்றவர். 1907-ல் இந்தியா வந்து, சேந்தமங்கலத்தில் தங்கியிருந்தபோது கொல்லிமலையைக் கண்டார். வீட்டின் கால்களையும் பலகைகளையும் சமவெளியிலேயே அறுத்து இழைத்து, பொருத்திப் பார்த்து, பிறகு பிரித்துச் சுமைகளாக மேலே அனுப்பினார். சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜெஸ்ஸியின் கைத்திறனை மெச்சுகிறார்கள். என்னைக் கேட்டால், ஈரப் பாறையில் கால் ஊன்றி அந்த மரங்களைத் தூக்கிப் போனவர்களுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

வாழவந்தியில் வீடு எழுந்தது. கரையான் ஏறாதபடி கால்களின் தலையில் தகடு கவிழ்த்து, அதன்மேல் தளம் அமைத்தார். 1913-ல் மணம் முடித்த கையோடு மனைவி எவெலினை அழைத்துக்கொண்டு மலையேறினார். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியம் பழகியவர் எவெலின். அடுத்த ஆண்டு அவர்களுக்கு மகன் பால் பிறந்தான்.

சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சுற்றிலும் இருந்தன. அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் காக்கும் மலையில் அந்நியச் சமயத்தை நம்பிப் போக யாருக்கும் மனமில்லை. பூசாரிகளின் எதிர்ப்பு நியாயமானதே. தெய்வமும் நிலமும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆனாலும் காய்ச்சலும் புண்ணும் வந்தபோது மக்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். காலில் தலை நீட்டும் நரம்புச் சிலந்திப் புழுவை ஜெஸ்ஸி குச்சியில் மெல்லச் சுற்றி வெளியே எடுத்தார். அறுந்துவிட்டால் சீழ் பிடிக்கும் என்பதால் நாள்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை. அந்த நோய் தண்ணீரில் பரவுவதைச் சொல்லி, கிணற்றுக்குச் சுவர் கட்டவும் சொல்லிக்கொடுத்தார். 1918-ன் விஷக்காய்ச்சலில், அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தம் மகளை பிராண்ட் தம்பதியிடம் ஒப்படைத்தார்.

1923-ல் பாலும் தங்கையும் படிப்புக்காக இங்கிலாந்து போனார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் பறந்து போனது. அவர் மகனுக்கு எழுதியிருந்த கடிதங்களோ கப்பலில் வந்தன. தந்தை இல்லை என்று தெரிந்த பிறகும் பல வாரங்கள் பாலுக்கு அவர் கடிதம் வந்துகொண்டிருந்தது.

வீட்டோடு மேலே போன தச்சுத்தொழில் மகனோடு வேறு வழியில் பயணப்பட்டது. தந்தையைப் போலவே பால் முதலில் கட்டட வேலையும் தச்சும் பழகினார். அதன் பிறகே மருத்துவம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவரை விடவில்லை. உழைக்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை வளர்த்தெடுத்தார். மூட்டும் விசையும் எங்கே எப்படிச் சேர வேண்டும் என்ற தச்சரின் கணக்கு அதில் உண்டு என்று நான் நம்புகிறேன்.

எவெலின் மலையை விடவில்லை. சபைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 70 வயதை நெருங்கும் நிலையில் 1947-ல் மீண்டும் கொல்லிமலை ஏறினார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். கல்வராயன் மலைக்கும் போனார். 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானபோது, கொல்லிமலையிலேயே ஜெஸ்ஸியின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

பால் தொழுநோயாளிகளுக்காக வேலூரில் 1951-ல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், கை சரியான நோயாளிகள் உளியும் சுத்தியலும் பிடித்துத் தச்சு கற்றார்கள். வலி தெரியாததால் பிடியை அளவுக்கு மீறி அழுத்தி, அதே கையைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். விரல் குறைவதற்கு நோயைவிட இந்த உணர்வற்ற காயங்களே காரணம் என்று அவருக்குப் புரிந்தது அந்தத் தச்சுப்பட்டறையில்தான்.