மூடும் நேரம் இல்லாத மேசை

வெனிஸ் நகரில் 1638-இல் அரசே அனுமதி கொடுத்துத் திறந்த ரிடோட்டோ சூதாட்ட மண்டபத்தில், 1750-களின் நடுவில் அவ்வூர்ச் சாகசக்காரர் ஜியாகோமோ காசனோவா ஒரு கணக்கை நம்பி ஆடினார். தோற்றால் அடுத்த ஆட்டத்தில் பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டும். மறுபடி தோற்றால் மறுபடி இரட்டிப்பு. எப்படியும் ஒருமுறை ஜெயித்தே தீருவோம், அப்போது போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். மார்ட்டிங்கேல் என்று அந்த முறைக்குப் பெயர். சில நாள் பணம் குவிந்தது. பிறகு கையிலிருந்த தங்கமும் போயிற்று, காதலியின் வைரங்களும் போயின. அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸுக்குப் போனவர், ராணுவப் பள்ளிக்காகப் பிரெஞ்சு அரசு தொடங்கிய லாட்டரியை அமைக்க உதவினார். சூதை நடத்தும் பக்கம் வந்த பிறகுதான் அவர் கையில் காசு தங்கியது.

இன்று கைபேசியில் கேசினோ ஆடுகிறவருக்கு ‘டபுள் பண்ணிக்கிட்டே போங்க’ என்று நண்பர் சொல்லித் தருவதும் இதே முறைதான். போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஒற்றைச் சுழி ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள்: 18 சிவப்பு, 18 கருப்பு, ஒரு பூஜ்யம். சிவப்பில் 100 ரூபாயில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் மிஞ்சுவது 100 ரூபாய் மட்டுமே. தொடர்ந்து 10 முறை தோற்றால் போவது 1,02,300 ரூபாய். அப்படித் தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 784-இல் ஒன்று. அதாவது 783 முறை ஜெயித்துச் சேர்க்கும் 78,300 ரூபாயை ஒரே ஒரு தோல்வி விழுங்கிவிட்டு, மேலும் 24,000 ரூபாய் கேட்கும். மேசையில் உச்சவரம்பு இருந்தால் பத்தாவது இரட்டிப்பு வரைகூடப் போக முடியாது.

இன்னொரு பிழையைக் கணிதமேதை லாப்லாஸ் 1814-இலேயே எழுதிவிட்டார். பிரெஞ்சு லாட்டரியில் நெடுநாளாக விழாத எண்ணின் மீது ஜனங்கள் முண்டியடித்துப் பணம் கட்டுவதைப் பார்த்தார் அவர். ஆண் குழந்தைக்கு ஏங்கும் தகப்பன்மார், அந்த மாதம் ஊரில் நிறைய ஆண் குழந்தைகள் பிறந்துவிட்டால் இனி நமக்குப் பெண்தான் என்று கலங்குவதையும் பார்த்தார். முந்தைய முடிவுகள் அடுத்ததை எந்த விதத்திலும் பாதிப்பதில்லை என்று தெளிவாகவே விளக்கினார். 99 ஆண்டுகள் கழித்து, 1913 ஆகஸ்ட் 18 அன்று, மொனாக்கோவின் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியின் ஒரு ரூலெட் மேசையில் பந்து தொடர்ந்து கருப்பில் விழத் தொடங்கியது. பதினைந்து தடவை ஆனதும் கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது. இனியும் கருப்பா என்று ஒவ்வொரு சுற்றிலும் தொகையை ஏற்றினார்கள். 26 முறை கருப்பு விழுந்த பிறகுதான் வரிசை முறிந்தது. லட்சக்கணக்கான ஃபிராங்குகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மேசையில் மோசடி எதுவும் நடக்கவில்லை. பதினாறாவது சுற்றிலும் சிவப்புக்கு இருந்தது 37-இல் 18 வாய்ப்புத்தான்.

மோசடி தேவையே இல்லை என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டவர் ஃபிரான்சுவா பிளாங்க். பிரெஞ்சுக்காரரான இவர் தன் இரட்டைச் சகோதரர் லூயியுடன் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரில் சூதாட்ட விடுதி நடத்தினார். மற்ற இடங்களில் சக்கரத்தில் இரண்டு சுழிகள் இருந்தபோது, 1843-இல் அவர்கள் ஒன்றை நீக்கினார்கள். இரட்டைச் சுழியில் விடுதிக்குச் சராசரியாக நிற்பது 5.26 விழுக்காடு, ஒற்றைச் சுழியில் 2.70. தன் பங்கைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டவரிடம் ஐரோப்பாவே திரண்டு வந்தது. வந்தவர்கள் நெடுநேரம் உட்கார்ந்தார்கள், பிளாங்குக்கு வேண்டியதும் அதுதான். இந்தத் தொழிலின் மூலதனம் ஆடுபவரின் நேரம். எத்தனையோ உத்திகளைத் தேடி அலையும் ஆட்டக்காரர்கள் இந்த ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

ஆண்ட பகுதியில் பெரும்பங்கைப் பறிகொடுத்துக் கஜானா காலியாகிக் கிடந்த மொனாக்கோவின் இளவரசர் மூன்றாம் சார்லஸ், 1863-இல் பிளாங்கிடம் சூதாட்ட உரிமையைக் கொடுத்தார். 1866-இல் அந்தக் குன்றுக்கு மான்டே கார்லோ என்று பெயர் வைத்தார்கள். 1868-இல் ரயில் வந்தது. மறு ஆண்டே குடிமக்களின் நேரடி வரிகளை ரத்து செய்யும் அளவுக்கு வருமானம் பெருகிவிட்டது. ஆனால் மொனாக்கோ குடிமக்கள் அந்த விடுதிக்குள் ஆடக் கூடாது என்பது சட்டம். வெளியூர்க்காரர் பணத்தில் வாழ்ந்த அரசு, தன் மக்களை அதன் வாசலிலேயே நிறுத்திவைத்தது. இந்த வரலாற்றில் இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறில்லை.

‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்பது எல்லாத் தவறுகளிலும் கொடியது. அதற்கு அறிவு மருந்தாகாது என்பதற்கு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியே சாட்சி. 1863-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் ஜெயித்தபோது, பதற்றப்படாமல் தலையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே வெற்றியின் ரகசியம் என்று கடிதம் எழுதினார். ரகசியம் தெரிந்தவர் 1865-இல் அதே ஊரில் எல்லாவற்றையும் இழந்து ஓட்டல் பாக்கியோடு தவித்தார். மறு ஆண்டு பதிப்பாளரின் கெடுவுக்குப் பயந்து ‘சூதாடி’ நாவலை அவர் 26 நாளில் சொல்லச் சொல்ல, அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எடுத்தார். அந்தப் பெண்ணே பிறகு அவருக்கு மனைவியானார். 1867-இல் பாடன்-பாடனில் அந்த மனைவியின் நகையும் உடையும் அடகுக் கடைக்குப் போயின. சூதாடியின் மனதை அணு அணுவாகப் பிரித்து எழுதியவரால் அடுத்த பந்தயத்தை நிறுத்த முடியவில்லை. 1871-இல்தான் விட்டார். 1872 முடிவில் ஜெர்மனி சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டதால், பிற்பாடு சிகிச்சைக்காக அங்கே போனபோது அவரை இழுக்க எந்த மேசையும் இல்லை. இது சிறிய விஷயமல்ல.

ஜெயித்தவர்களின் கதையும் விடுதிக்கே உதவியது. 1891-இல் சார்லஸ் வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் மான்டே கார்லோ மேசையின் இருப்புப் பணத்தைப் பலமுறை காலி செய்தார். அப்படி ஆனால் மேசைக்குக் கருப்புத் துணி போர்த்திவிட்டுப் புதிதாகப் பணம் கொண்டுவருவார்கள். லண்டன் மேடைகளில் அதைப் பற்றிய பாட்டு பிரபலமானது, கூட்டம் அலைமோதியது. வெல்ஸ் ஆடியது, இல்லாத கண்டுபிடிப்புகளைக் காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றிப் பெற்ற பணம் என்பதும், 1893-இல் எட்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார் என்பதும் பாட்டளவுக்குப் பரவவில்லை.

அந்தக் காலத்து விடுதிகளை நல்லவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவற்றில் சில தடைகள் இருந்தன. ரயிலேறிப் போக வேண்டும், ரொக்கம் கொண்டுபோக வேண்டும், இரவு முடிந்தால் எழுந்தாக வேண்டும். அனைத்தையும் இழந்தவருக்கு மான்டே கார்லோ விடுதியே வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தது. அதைத் திருப்பிக் கட்டும்வரை அவர் மறுபடி உள்ளே வர முடியாது.

இணையக் கேசினோவும் பணம் கொடுக்கிறது, அங்கேயே இருத்திவைப்பதற்காக. போனஸ் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 35 மடங்கு ஆடி முடித்தால்தான் எடுக்கலாம் என்பது நிபந்தனை. ஆக 35,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். விடுதியின் பங்கு 4 விழுக்காடு என்றால் அதற்குள் சராசரியாக 1,400 ரூபாய் போய்விடும். வேகமும் சேர்ந்துகொள்கிறது. மேசையில் மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 100 ரூபாய் என்றால் சராசரி இழப்பு 108 ரூபாய். கைபேசியில் பத்து வினாடிக்கு ஒரு சுற்று ஓடினால் அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 970.

கண்ணையும் நம்ப முடியாமல் போனது 1984-க்குப் பிறகு. அந்த ஆண்டு டெல்னஸ் என்ற பொறியாளர், ஸ்லாட் இயந்திரத்தின் உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினி தரும் தற்செயல் எண்ணே தீர்மானிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியும் குறிகளின் எண்ணிக்கைக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பெரும்பரிசுக் குறி கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும்படி அமைக்க முடிந்தது. நூலிழையில் தவறிவிட்டதே என்று ஆடுபவர் மறுபடி அழுத்துகிறார். வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகள் இந்த நூலிழைத் தோல்வியிலும் தூண்டப்படுவதை, 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

1994-இல் ஆன்டிகுவா பார்புடா என்ற கரீபியத் தீவு நாடு தடையற்ற வணிகச் சட்டம் ஒன்றை இயற்றியது. இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அங்கே உரிமம் வாங்கத் தொடங்கின. எங்கோ ஒரு தீவின் உரிமம் என்ன காக்கும் என்று ஆடுபவர்கள் கேட்கவில்லை. 1999-இல் அமெரிக்கக் கணினி வல்லுநர்கள் சிலர், இணையப் போக்கர் தளம் ஒன்று தன் நேர்மையைக் காட்ட வெளியிட்டிருந்த சீட்டுக் கலைக்கும் நிரலைப் படித்துப் பார்த்தார்கள். நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை வைத்துச் சீட்டு கலைக்கப்பட்டது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிவினாடிகளே உண்டு. கணினிக்கு அது சொற்பம். மேசையில் விரிந்த சில சீட்டுகளைக் கொண்டே மற்றவர் கையை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது.

தமிழ்நாடு இந்த வரலாற்றில் நுழைந்தது கடன்களும் தற்கொலைச் செய்திகளும் பெருகிய பிறகுதான். இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து 2020 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டத்தை, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் மறுபடி எழுதப்பட்ட சட்டம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நிறுத்தச் சொல்லின. உயர் நீதிமன்றம் ஜூனில் அந்த விதிகளை ஏற்றது. 19-ஆம் நூற்றாண்டு விடுதிக்குத் தானாகவே இருந்த மூடும் நேரத்தை, இங்கே ஓர் அரசு வழக்காடித் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

வெளிநாட்டு உரிமத்தோடு இயங்கும் தளங்கள் இதன் பிறகும் வேறு முகவரிகளில் தலைகாட்டவே செய்யும். அங்கே ஜெயிப்பவரின் பணம் ஒரு திரையில் தெரியும் எண் மட்டுமே. தளம் அதைத் தர மறுத்தால், கடல் கடந்த ஒரு நாட்டின் உரிம அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.