பனிக்கடியில் முகிழ்க்கும் மலர்



குங்குமப்பூவின் பெயரை அறியாதார் நம் நாட்டில் இலர். அதன் செடியைக் கண்டாரோ மிகச் சிலர். கருவுற்ற மகளிர்க்குப் பாலிற் கலந்து கொடுக்கும் அச்செந்நிற நார், காஷ்மீரத்துப் பாம்பூரைச் சூழ்ந்த வயல்களில் ஐப்பசித் திங்களையொட்டிப் பூக்கும் ஓர் ஊதா மலரின் சூல்முடியாகும். மலர் ஒன்றுக்கு மூன்று நார்களே கிடைக்கும். தாவரவியலார் அதனைக் குரோக்கஸ் சட்டைவஸ் என்பர். அச்செடிக்கு விதை இல்லை. அதன் கிழங்கைப் பிரித்துப் பிரித்து மனிதன் நட்டு வந்ததனாலேயே அது மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உயிர் வாழ்கின்றது. கிரேக்க நாட்டு மலைச்சரிவுகளில் தானே வளரும் கார்ட்ரைட்டியானஸ் என்னும் குரோக்கஸே அதன் மூதாதை என்பது 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

ஆனால் இன்று நான் பேச விரும்புவது குங்குமப்பூவைப் பற்றியன்று. விலை போகாத அதன் உறவினரைப் பற்றியே பேச விரும்புகின்றேன். மலையில் பனி உருகத் தொடங்கும் வேளையில் நான்கு விரல் உயரத்தில் பூத்துச் சில நாட்களில் மறைந்துவிடும் இளவேனிற் குரோக்கஸ்களுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மனிதர் சிலரின் வரலாறு, மாணவர் அறியத்தக்கது.

முதலில் மலரின் அமைப்பைச் சிறிது காண்போம். குரோக்கஸின் கிழங்கு, நம் சேனைக்கிழங்கைப் போலத் தண்டு பருத்து உண்டான கந்தமே. ஆண்டுதோறும் பழைய கந்தம் வற்றி, அதன் தலைமேல் புதியதொன்று உருவாகின்றது. நாம் காம்பு என்று எண்ணுவது காம்பன்று; இதழ்கள் ஒன்றுகூடி நீண்ட குழலே அது. சூற்பையோ மண்ணுக்குள் கிழங்கின் அருகிலேயே இருக்கின்றது. பனியும் உறைகாற்றும் மாறிமாறி வரும் பருவத்தில் பூக்கும் செடி, தன் கருவை மண்ணுக்குள் வைத்துக் காக்கும் திறத்தை என்னென்பது! வெயில் பட்டால் இதழ் விரியும். மேகம் மூடினால் குவியும். விதை முதிர்ந்த பின்னரே சூற்பை மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வரும். விதையின்மேல் சிறியதொரு சதைப்பற்று உண்டு. அதனை விரும்பி எறும்புகள் விதையைத் தூக்கிச் சென்று பரப்புகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆங்கில நூல்கள் சிலவற்றில் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்' என்னும் பெயரைக் காண்பீர்கள். பெரும்பாலும் அது குரோக்கஸே அன்று. கோல்ச்சிக்கம் என்னும் நச்சுச் செடி. அதன் உண்மையான உறவு யாதெனில், நம் குறிஞ்சி நிலத்துச் செங்காந்தளாம். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒரே நஞ்சு. குரோக்கஸுக்கு மகரந்தக் கேசரம் மூன்று. கோல்ச்சிக்கத்துக்கும் காந்தளுக்கும் ஆறு. எண்ணத் தெரிந்த சிறுவனும் இதில் ஏமாற வேண்டுவதில்லை.

குரோக்கஸ் இனங்கள் மேற்கே போர்த்துக்கல், மொராக்கோ தொடங்கிக் கிழக்கே சீனத்தின் மேற்கெல்லை வரை பரவியுள்ளன. அவை மிகச் செறிந்திருப்பது துருக்கியிலும் பால்கன் நாடுகளிலும். அனத்தோலியாவின் சில சிற்றூர்களில், பூ தோன்றியவுடன் சிறுவர் கூடிக் கிழங்குகளைத் தோண்டி, வீடு வீடாகச் சென்று உடைத்த கோதுமையும் வெண்ணெயும் பெற்றுப் பொங்கி உண்ணும் வழக்கம் இருந்தது. இளவேனிலின் வரவை அவர்கள் அவ்வாறு கொண்டாடினர்.

ஐரோப்பியத் தோட்டங்களுக்கு இவை வந்தது பதினாறாம் நூற்றாண்டில். வியன்னாவிலும் பின்னர் லைடனிலும் பணியாற்றிய குளூசியஸ், துருக்கியிலிருந்து வந்த கிழங்குச் செடிகளை வளர்த்துப் பரப்பியவருள் முதன்மையானவர். அதன் பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் குரோக்கஸ் தோட்ட அழகாக இருந்ததேயன்றி ஆராய்ச்சிப் பொருளாகவில்லை. மான்செஸ்டர் நகரில் திருச்சபைத் தலைவராயிருந்த வில்லியம் ஹெர்பர்ட் என்பவரே இனங்களை முறையாக ஆராய்ந்து பெயரிட்டார். கலப்பினம் பற்றிய இவருடைய சோதனைகளை டார்வினே தம் நூலில் எடுத்துக் கூறுகின்றார். 1847இல் ஹெர்பர்ட் மறைந்தார். குரோக்கஸ் ஆய்வு அரைகுறையாக நின்றது.

அதனைத் தொடர்ந்தவர் பேராசிரியர் அல்லர். ஓடு செய்யும் தொழிலதிபர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் தரைக்குப் பதிக்கும் வண்ண ஓடுகளைச் செய்த ஜார்ஜ் மா என்பவர் அவர். 1871இல் ஜோசப் ஹூக்கரோடு மொராக்கோவின் அட்லாஸ் மலைக்குச் சென்று வந்தவர். குரோக்கஸ்களைத் தாமே தேடிச் சேகரித்தும், பல நாட்டு அன்பர்களிடம் பெற்றும், பெந்தால் என்னும் ஊரில் தம் இல்லத்தில் வளர்த்தார். ஒவ்வொன்றையும் தம் கையாலேயே வண்ணத்தில் எழுதினார். 1886இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அவ்வோவியங்களை ரஸ்கின் போன்ற கலைத் திறனாய்வாளரே மெச்சினார்.

மாவின் நூலைப் புரட்டுவோர் ஒன்றை உணர்வர். மலரை அவர் எழுதியது போலவே கிழங்கின் தோலையும் நுணுக்கமாக எழுதியிருக்கின்றார். ஏனெனில், ஒன்றுபோல் தோன்றும் இரு மலர்களை வேறுபடுத்துவது பலகால் அத்தோலே. ஒன்றில் அது வலைபோல் பின்னியிருக்கும். மற்றொன்றில் அடியில் வளையமாகக் கழலும். இன்னொன்றில் நார் நாராகப் பிரியும். ஆகவே மலையில் கண்ட செடியின் பெயரை ஐயமற அறிய வேண்டுமானால் அதனைத் தோண்டியாக வேண்டும். அரிய செடியைத் தோண்டினால் அது மேலும் அரிதாகும். இச்சங்கடத்தினின்று குரோக்கஸ் அன்பர் எவரும் இன்றுவரை முற்றும் தப்பியதில்லை.

இனி, எட்வர்ட் அகஸ்டஸ் போல்ஸ். 1865இல் பிறந்தவர். எட்டு வயதில் ஒரு கண்ணின் பார்வையைப் பெரிதும் இழந்தார். உடல்நலக் குறைவால் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே கற்றார். கேம்பிரிட்ஜில் சமயக் கல்வி பயின்று குருவாக விரும்பினார். 1887இல் காசநோய் அவருடைய சகோதரர் ஒருவரையும் சகோதரி ஒருவரையும் சில மாத இடைவெளியில் கொண்டுபோயிற்று. பெற்றோரைத் தனியே விட மனமின்றித் தம் எண்ணத்தைத் துறந்து, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் உள்ள மிடில்டன் இல்லத்திலேயே தங்கிவிட்டார். இறக்கும் வரை அவ்வீடே அவர் வீடு.

அங்கே அவர் குரோக்கஸ் வளர்த்தார். சொல்வது எளிது, செய்வது எளிதன்று. மஞ்சட் பூக்களைச் சிட்டுக்குருவி கிழிக்கும். கிழங்கை எலி தின்னும். இவை சிறு பகை. பெரும்பகை இங்கிலாந்தின் கோடை மழை. துருக்கி, கிரேக்க மலைகளில் கோடை முழுவதும் மண் வறண்டு வெதும்பும். அவ்வெப்பத்தில் கிழங்கு உறங்கும். உறங்கும் கிழங்குமேல் மழை பெய்தால் அது அழுகும். ஆதலால் அரிய இனங்களை வளர்ப்போர் குளிருக்கு அஞ்சிக் கண்ணாடி மூடுவதில்லை. கோடையில் மழைக்கு அஞ்சியே மூடுகின்றனர். ஆயினும் இவ்விதியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மாசிடோனியாவின் பெலிஸ்டர் மலையில், பனிநீர் கசியும் புல்வெளியில் வாழும் பெலிஸ்டரிக்கஸ் என்னும் ஊதாக் குரோக்கஸ், ஒருமுறை மண் உலர்ந்தாலும் வாடிவிடும். ஒரே தொட்டிலில் இரண்டையும் வைத்து ஒரே முறையில் வளர்ப்பவன் இரண்டிலொன்றை இழப்பான். பிறந்த இடத்தை அறியாமல் வளர்க்க முனைவதே வீண். வகுப்பறையிலும் இது மெய்யென்பது என் அனுபவம்.

போல்ஸ் கிழங்கை விலைக்கு வாங்கி நட்டதோடு நில்லாமல், விதையிலிருந்தும் வளர்த்தார். விதைத்த நாற்று முதற்பூ காட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கிரிசாந்தஸ் என்னும் மஞ்சட் குரோக்கஸின் விதையில் தோன்றிய புது நிறங்களுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டினார். அவற்றுள் வெண்ணிறமான 'ஸ்னோ பண்ட்டிங்' இன்றும் தோட்டங்களில் பூக்கின்றது. 1924இல் குரோக்கஸ், கோல்ச்சிக்கம் இரண்டையும் பற்றிய அவருடைய கைந்நூல் வந்தது. அதனைத் திருத்தி 1952இல் மீண்டும் வெளியிட்டபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தேழு வயது. தாம் முன்பு எழுதியதைத் தாமே திருத்துவதற்கு அவ்வயதில் எத்துணை மனத்திடம் வேண்டும்!

1954இல் போல்ஸ் காலமானார். வீடு கைமாறியது; தோட்டத்தின் பெரும்பகுதி பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அவர் சேர்த்தவற்றுள் எத்தனை அழிந்தனவோ! மீண்டும் சீரமைக்கப்பட்டு அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது எங்ஙனமோ நம் காலத்தில் நிகழ்ந்தது.

ஆய்வு அவரோடு நிற்கவில்லை. கியூ தோட்டத்து அறிஞர் பிரையன் மாத்தியூ, துருக்கியின் ஹோனாஸ் மலையில் வளரும் வெளிர்நீலக் குரோக்கஸ் ஒன்றை 1974இல் உலகுக்கு அறிவித்தார். அந்நாட்டுத் தாவரவியலாரான பைத்தோப் தம்பதியரின் நினைவாக அதற்குப் பைத்தோப்பியோரம் எனப் பெயரிட்டார். 1982இல் அவர் எழுதிய நூலில் இனங்கள் ஏறத்தாழ எண்பது. பின்னர் மரபணு ஆராய்ச்சி வந்து, ஒன்றென எண்ணியவை பலவெனக் காட்டியது. இன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்படுகின்றன. இவற்றுட் சில, ஒரே மலையில், சில சரிவுகளில் மட்டுமே உள்ளவை. அச்சரிவில் பாதை வெட்டினால் அவ்வினம் இல்லை.

பெந்தாலில் மா வளர்த்த குரோக்கஸ்கள், அவர் அவ்வூரை விட்டு நூற்றாண்டு கடந்த பின்னும், நட்ட இடத்தை விட்டுப் புல்தரையில் பரவி ஆண்டுதோறும் பூக்கின்றன. பரப்பியவை எறும்புகளாக இருக்கலாம்.