பதினைந்தில் பதினான்கு

1517-ல் லூத்தர் 95 கருத்துகளை வெளியிட்ட கதை பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடும். அதற்கப்புறம் கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்ட்டுகள் ஒரு பக்கம் என்று நாமும் மனசில் கோடு போட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த இரண்டாவது பக்கம் பன்னிரண்டே வருஷத்தில் தனக்குள் உடைந்தது. அந்த உடைப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

1529 ஏப்ரலில் ஸ்பேயர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் சீர்திருத்தத்துக்குத் தடை போடும் தீர்மானம் நிறைவேறியது. அதை எதிர்த்துச் சில இளவரசர்களும் நகரங்களும் கண்டன அறிக்கை கொடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் எந்த நேரமும் படையோடு வரலாம் என்ற நிலைமை. ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட பிலிப்புக்கு அப்போது 25 வயசுகூட ஆகவில்லை. ஜெர்மன் இளவரசர்களும் சுவிட்சர்லாந்து நகரங்களும் ஒரே கூட்டணியில் சேர வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்கு முதலில் இறையியலாளர்கள் ஒத்துப்போக வேண்டுமே! அக்டோபர் தொடக்கத்தில் மார்பர்க்கில் இருந்த தன் கோட்டைக்கு அவர்களை அழைத்தார்.

விட்டன்பர்கிலிருந்து லூத்தரும் மெலாங்க்தோனும் வந்தார்கள். சூரிச்சிலிருந்து ஸ்விங்ளி, பாசலிலிருந்து எக்கோலம்பாடியுஸ். லூத்தருக்கும் ஸ்விங்ளிக்கும் அப்போது 45 வயசு. இரண்டு மாசம்கூட வித்தியாசம் இல்லை. போப்பின் அதிகாரம், விசுவாசத்தால் மீட்பு எல்லாவற்றிலும் ஒரே கட்சி. இடித்தது ஒரே இடத்தில். கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைக் கையில் எடுத்து, அது தம் உடல் என்று சொன்னாரே, அதற்கு என்ன பொருள்?

லூத்தர் சாக்கட்டியை எடுத்து, இயேசுவின் அந்தச் சொற்களை லத்தீனில் மேசைமேலேயே எழுதி வைத்தார். அதில் 'எஸ்ட்' என்று ஒரு வினைச்சொல். 'இருக்கிறது' என்று பொருள். அந்தச் சொல்லை விட்டு அவர் கடைசிவரை நகரவில்லை. ஸ்விங்ளியோ, அந்த இடத்தில் அது 'குறிக்கிறது' என்றே பொருள்படும் என்றார். உயிர்த்தெழுந்து பரலோகம் போன கிறிஸ்துவின் உடல், ஒரே நேரத்தில் ஆயிரம் பீடங்களில் எப்படி இருக்கும் என்று கேட்டார். கடவுளால் முடியுமா என்று கணக்குப் பார்ப்பது நம் வேலை இல்லை என்பது லூத்தரின் பதில்.

இந்த இடத்தில் தமிழில் யோசிக்கிற எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. நம் மொழியில் 'இது என் வீடு' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும், வினைச்சொல்லே வேண்டாம். இயேசு பேசிய அரமேயத்திலும் இப்படிச் சொல்லலாம். கிரேக்கத்தில் எழுதப்பட்ட நற்செய்தியில் வினை இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பழைய தமிழ் வேதாகமமும் 'சரீரமாயிருக்கிறது' என்று நீட்டி எழுதுகிறது.

அப்படியென்றால் ஒன்றுமில்லாத சொல்லுக்காகவா சண்டை போட்டார்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. லூத்தரின் விசுவாசம் முழுக்கக் கடவுள் கொடுத்த வாக்கின்மேல் நின்றது. ஒரு வாக்கை நம் அறிவுக்கு ஏற்ப வளைக்கலாம் என்றால், பாவமன்னிப்பு என்ற வாக்கையும் ஒருநாள் வளைத்துவிடலாம் அல்லவா? ஸ்விங்ளி, ஐன்சீடெல்ன் என்ற யாத்திரைத் தலத்தில் குருவாக இருந்தவர். படைக்கப்பட்ட பொருளுக்குப் போகிற வணக்கம் படைத்தவருக்குப் போகாமல் நின்றுவிடும் என்பது அவர் பயம். இரண்டு பயமும் நியாயமானதுதான்.

முடிவில் லூத்தர் 15 அம்சங்களை எழுதினார். திரித்துவம் தொடங்கி 14 அம்சங்களில் இரு தரப்பும் முழுசாக ஒத்துப்போனது. பதினைந்தாவது திருவிருந்து பற்றியது. அதிலும் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து உடலாக இருக்கிறாரா என்பது மட்டும் தீரவில்லை. கையெழுத்து எல்லாரும் போட்டார்கள். ஆனால் எங்களைச் சகோதரர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சுவிஸ் தரப்பு கேட்டபோது லூத்தர் மறுத்துவிட்டார். ஸ்விங்ளி கண்ணீரோடு நின்றார் என்று சொல்கிறார்கள். பிலிப் நினைத்த கூட்டணி நடக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1531 அக்டோபரில், காப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்ளி செத்துப்போனார்.

1973-ல் பாசலுக்கு அருகே லொய்யன்பர்கில் ஐரோப்பாவின் லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபைகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 444 வருஷம்! அப்போதும் லூத்தர் சரி, ஸ்விங்ளி தப்பு என்று தீர்ப்பு எழுதவில்லை. பழைய கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தாது, இனி ஒரே மேசையில் பந்தி உண்டு என்றார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் லூத்தர் வழி வந்தவர். பின்னால் வந்த லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன் எல்லாம் மறுபக்க மரபு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள். தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் பின்னால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியபோது திருவிருந்துக் கேள்வியும் மேசைக்கு வந்தது.

விசுவாசிகள் சண்டை போடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உயிரைவிடப் பெரிதாக நினைக்கிற ஒன்றைப் பற்றி மனுஷன் வாதாடத்தான் செய்வான். மார்பர்க்கில் என்னை உறுத்துவது வேறு. 'நீ சொல்வது தப்பு' என்பதற்கும் 'நீ என் சகோதரன் இல்லை' என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. லூத்தர் அதை ஒரே எட்டில் தாண்டிவிட்டார். மனசாட்சி இடம் கொடுக்கும் அளவுக்கு ஒருவர்மேல் ஒருவர் அன்பு காட்டுவோம் என்று அந்தப் பதினைந்தாவது அம்சத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.