மானிப்பாயில் ஒரு மருத்துவ வகுப்பு

ஒரு மாணவன் பரீட்சையிலே தேறுவானா, தவறுவானா என்பதை முன்கூட்டியே அறிதல் கூடுமா? ஆசிரியராய் இருப்போரை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் வினா இது. மாங்கேணி போன்ற வாவிக்கரைச் சிற்றூரொன்றிலிருந்து பெண்பிள்ளை ஒருத்தி தாதியர் பயிற்சிக்குத் தெரிவானால், உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து, "இவள் கரையேறிவிடுவாள்" என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அப்பெறுபேறு ஒன்றே போதிய அளவுகோலாகுமா? இவ்வினாவுக்கு நமது நாட்டு வரலாற்றிலேயே ஒரு விடை கிடைக்கின்றது.

அமெரிக்காவிலே வூஸ்ரர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். மானிப்பாய் அதற்கு நிலைக்களமாயிற்று. கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல் என்பதை நினைத்தால், இதன் முந்துமை விளங்கும். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலே நடந்தது. ஆகவே ஆங்கிலம் வல்லவனே தேறத்தக்கவன் என்பது சொல்லாமலே அமைந்த விதியாயிற்று. அவ்விதி பொய்க்கவில்லை, தேறினர். தேறியவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். எந்தக் கிராமத்து நோயாளிக்காக இத்தனை பாடுபட்டாரோ, அந்த நோயாளி வைத்தியரின்றியே இருந்தான்.

1862இல் தாயகத்திலிருந்து மீண்டு வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். துணிந்தார் என்றே சொல்லவேண்டும். நூலில்லாமல் வகுப்பேது? 1857இலேயே பிரசவ வைத்தியம் வெளிவந்திருந்தது. 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இல் கெமிஸ்தமும் வந்தன. தம்மிடம் கற்றுத் தேறிய தமிழ் வைத்தியர்களையே மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்திப் பின்னர் தாமே அதனைத் திருத்தினார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ் நூல்களை நாடுவது, அங்கே கிடையாதபோது வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. பண்டிதர் சிலர்க்கு இது கலப்படமாகத் தோன்றலாம். மறுநாட் காலை எலும்புகளின் பெயர்களை ஒப்புவிக்கவேண்டிய மாணவனுக்கோ அது கைவிளக்கு.

கிறீனிடம் பயின்று தேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிற் கற்றவர். ஆங்கிலம் போதாமையால் முன்னே வாயிலிலேயே தடுக்கப்பட்டிருக்கக்கூடியவர்களும் இப்போது உள்ளே வர வழியுண்டாயிற்று. மாணவனை மாற்றாமல், அவன் கையிற் கொடுத்த நூலை மாற்றியதனால் விளைந்த பயன் இது.

ஏறத்தாழ இதே காலத்தில் தாதியர் கல்வியிலும் இவ்வினா எழுந்தது. லண்டனில் சென்ற் தோமஸ் மருத்துவமனையிலே 1860இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. மாணவி ஒவ்வொருத்தியைக் குறித்தும் மாதந்தோறும் ஒரு தாள் நிரப்பப்பட்டது. நேரந்தவறாமை, நம்பத்தகுந்த நடத்தை, தூய்மை, கட்டுப்போடுந் திறமை என ஒவ்வொன்றுக்கும் தரமிட்டனர். அளவுகோல் சிறந்ததுதான். ஆயினும் 1870களின் தொடக்கத்தில் அம்மையார் ஆராய்ந்தபோது, விரிவுரைகளே சரிவர நடைபெறாமை வெளியாயிற்று. எடைபோட்டனர், ஊட்டவில்லை! அதன்பின்னர் விரிவுரைக்குப் புதிய மருத்துவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மாணவியர் விடுதியிலேயே தங்கி, அன்றன்றைய பாடத்தை அவர்களுடன் மீட்டுப் படிப்பிக்க ஒரு சகோதரியும் நியமிக்கப்பட்டார். இந்த இரண்டாம் நியமனத்தையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

வாவிக்கரையிலிருந்து பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வேண்டியவை இவையே. முதல் ஆண்டின் முதற் சில மாதங்களில், புதிய சொற்கள் மலைபோல் வந்து நிற்கும். அப்பொழுது தமிழ் விளக்கத்தோடு கூடிய சொற்கோவை ஒன்று கையில் இருக்கவேண்டும். மாலையில் உடனிருந்து பாடத்தை மீட்டுக் கேட்க, மூத்த மாணவி ஒருத்தி வேண்டும். மருந்தளவு கணக்கிடும் பின்னத்தையும் தசமத்தையும் பாடசாலையிலேயே பழக்கி அனுப்புதல் எம்போன்றோர் கடன்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடாது செய்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவராய் இருந்தவர் என்னும் செய்தி, அவர் விருப்பப்படியே வூஸ்ரரிலுள்ள கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.