எழுத்தின் தலைமேல் ஒரு சிற்றெண்



சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் தோத்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சில எழுத்துகளின் அருகே, சற்று உயரத்தில், 2, 3, 4 என்னும் சிற்றெண்கள் நிற்கக் காணலாம். அத்தகைய வடமொழித் துதி ஒன்றைத் தட்டச்சு செய்து தருமாறு தோழி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய தாயாரின் நினைவு நாளில் பேரப்பிள்ளைகள் வாசிப்பதற்காக. நானும் செய்து, கைப்பேசியில் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று வெற்று உரைக் கோப்பாக மாற்றி அனுப்பினேன். அன்று பத்து வயதுப் பேரன் "ப நான்கு க்தி" என்று உரக்க வாசித்தான். சிலர் சிரித்தனர். தோழி சிரிக்கவில்லை. "அம்மா சொல்வது போல் ஒரு சொல்கூட வரவில்லையே டீச்சர்" என்றார். பிழை பிள்ளையுடையது அன்று, என்னுடையது.

வடமொழியில் ககர ஒலிக்கு நான்கு எழுத்துகள் உண்டு, தமிழில் ஒன்றே. தமிழ்ச் சொற்களுக்கு அந்த ஒன்றே போதும். 'கடல்', 'அகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பினும், எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. அயற்சொற்களுக்கு இவ்விதி உதவாது. ஆகவே வடமொழியை எழுத நம் முன்னோர் கிரந்த எழுத்தைக் கையாண்டனர். கிரந்தம் அறியாதோர்க்கென அச்சு நூல்கள் க, க², க³, க⁴ என எண்ணிட்டன. 'ப⁴க்தி' என்பதில் உள்ள எண் அலங்காரம் அன்று. அது ஒலியின் ஒரு பகுதி.

இதே சிக்கலை ஜப்பானியரும் எதிர்கொண்டனர். அவர்கள் பயன்படுத்தும் சீன எழுத்து ஒன்றுக்குப் பல ஒலிப்புகள் இருக்கக்கூடும். எனவே அதன் மேலோ பக்கத்திலோ சிறிய கானா எழுத்துகளால் ஒலிப்பைக் குறிப்பர். இதற்கு 'ஃபுரிகானா' என்று பெயர். 'ரூபி' என்றும் சொல்வர். ஆங்கில அச்சகத்தார் ஒரு சிறிய எழுத்தளவுக்கு மாணிக்கத்தின் பெயரை இட்டிருந்தனர். அதுவே ஜப்பானிய அச்சகங்களுக்கும் சென்றது.

1997இல் தொடங்கிய 'அவோசோரா புன்கோ' என்னும் ஜப்பானிய மின்னூலகம், தன் வெற்று உரைக் கோப்புகளில் ஒலிப்பை இரட்டைக் கோண அடைப்புக்குள் சொல்லின் பின்னேயே எழுதி வைக்கிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் குறிப்பு அழியாது. வேறு வடிவத்திற்கு மாற்றும் மென்பொருள், அந்த அடைப்பைக் கண்டு ஒலிப்பை மேலே ஏற்றிக்கொள்ளும். இணையப் பக்கங்களுக்கான ரூபி விதிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் வெளியிட்டது. ரூபியைக் காட்டவியலாத உலாவிகளில் ஒலிப்பு அடைப்புக்குறிக்குள் தோன்றவும் அதில் வழி செய்திருந்தனர்.

சிங்கப்பூருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1995இல் இங்கு வெளியான நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழை ஏற்றிய முன்னோடி, ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1997இல் முதல் தமிழிணைய மாநாடும் இங்கேயே நடைபெற்றது. ஓர் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே குப்பையாகத் தெரிந்த காலம் அது. எழுத்தே பிழைக்கப் போராடிய அந்நாளில் ஒலிப்புக் குறிப்பை யார் நினைத்திருப்பார்? யூனிகோடு பரவிய பின் எழுத்து பிழைத்தது. குறிப்பைக் காப்பது இப்போது நம் கையில் உள்ளது.

வழி எளிது. சாதாரண 4ஐ அச்சிட்டு மென்பொருளால் மேலே உயர்த்தினால், வெற்று உரையாக மாற்றும்போது அது கீழே விழுந்துவிடும். நான் செய்த தவறு அதுவே. யூனிகோடில் ², ³, ⁴ ஆகியவை தனி எழுத்துகளாகவே உள்ளன. அவற்றை இட்டால் அப்படியே நிற்கும். 'கீ³தை' என்பது போல முழு உயிர்மெய்க்குப் பின்னரே எண்ணை இட வேண்டும். இடையில் இட்டால் எழுத்து சிதறும். எண்களின் பொருளையும் தாளின் தலைப்பில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

துதிகளுக்கு மட்டுமன்று. நம் ரயில் நிலையங்களான 'பிடோக்', 'பாசிர் ரிஸ்' இரண்டும் பகரத்தில்தான் தொடங்குகின்றன, ஒலியோ வேறு. தமிழகத்திலிருந்து புதிதாக வரும் குழந்தைக்கு அதை யார் சொல்வது? பயிற்சித்தாளில் 'பி³டோக்' என்று ஒருமுறை எழுதிக் காட்டலாமே.

தோழிக்குத் திருத்திய கோப்பை அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு நினைவு நாளுக்குள் பேரன் அதைப் படித்துப் பழகிவிடுவான்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை