மார்மைட்டும் மருந்துப் பட்டியலும்

கண்டிப் பெரியாஸ்பத்திரியைச் சூழவுள்ள மருந்துக் கடைகளிலே சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், வைத்தியரின் துண்டு ஏதுமின்றி வந்து விற்றமின் போத்தல் கேட்போர் பலரைக் காணலாம். மகனின் பரீட்சைக்கென ஓர் ஆசிரியர் வாங்குகிறார்; மாலைக் களைப்புக்கென ஓர் எழுதுவினைஞர் வாங்குகிறார். அண்டை வீட்டார் சொன்னார், விலை கூடியது, ஆகவே நல்லதாயிருக்கும் என்பனவே தெரிவுக்கான அளவுகோல்கள். ஒரு மாதம் உண்டபின், “கொஞ்சம் தெம்பாயிருக்கிறது” என்பதே தீர்ப்பு. படித்தவர் என்று பெயர் பெற்ற நாமும் இதற்கு விலக்கல்லர்.

ஒரு சத்துப் பொருள் உண்மையில் பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண உதவும் வரலாறு கண்டிக்கு அண்மையிலேயே நிகழ்ந்திருக்கின்றது.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வற்றாத மஹா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, ஆற்றுப் படுக்கைகள் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும் கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளிலும், அந்நோய்க்குப் பழக்கப்படாத கிராம மக்கள் கூட்டங் கூட்டமாய்ச் சாய்ந்தனர். 1935 முடியுமுன் மாண்டோர் ஏறக்குறைய 80,000 பேர். இறப்பர், தேங்காய் விலைகள் வீழ்ந்து, கூலி குன்றி, வயிறு காய்ந்திருந்த காலம் அது. நுளம்பு மட்டும் கொன்றது என்று சொல்வது பாதி உண்மையே.

அப்பொழுது கிராமங்களுக்குச் சென்றோருள் சூரியமல் இயக்கத்தினர் முக்கியமானவர். ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் பிரித்தானியப் போர்வீரர்களின் நிதிக்கென விற்கப்பட்ட பொப்பி மலருக்கு மாற்றாக, நம் நாட்டுப் பூவரசம்பூவை விற்ற இளைஞர் இயக்கம் அது. வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்தம் தோழர்களும் கேகாலைப் பகுதியிலே அரிசியும் பருப்பும் கொடுத்தனர், நோயுற்றோரைப் பராமரித்தனர். அவர்கள் கொண்டு சென்ற பொருள்களுள் ஒன்று மார்மைட். மது வடிக்கும் ஆலைகளிலே எஞ்சும் நொதியத்தைக் காய்ச்சிப் பெறும் கரும்பசை அது.

காய்ச்சலுக்கு நொதியப் பசை ஏன்? இங்கே நாம் கடல் கடந்து பம்பாய்க்குச் செல்லவேண்டும். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களை வாட்டிய கொடிய சோகையை ஆராய அங்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. கிருமியைத் தேடினார், கிட்டவில்லை. பின்னர் அப்பெண்கள் உண்ட உணவையே ஆராயத் தொடங்கினார். அவ்வுணவு போன்றதொன்றைக் குரங்குகளுக்கு ஊட்டினார். அவற்றையும் சோகை பற்றியது. மார்மைட் கொடுத்தார், இரத்தம் தேறியது. அந்நாளில் வேறொரு வகைச் சோகைக்குப் பயன்பட்ட சுத்திகரித்த ஈரற்சாறு இங்கே பலிக்கவில்லை. ஆகவே மார்மைட்டில் உள்ளது வேறொரு பொருள் என்பது புலனாயிற்று. 1931இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். அப்பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் கிடைத்தது 1941இல்தான். மலேரியா செங்குருதியணுக்களைச் சிதைக்கின்றது. புதிய அணுக்களை ஆக்க உடலுக்கு அவ்வமிலம் வேண்டும். கேகாலைக்குச் சென்ற மார்மைட்டுக்கு இவ்விதம் ஒரு நியாயம் இருந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்காது சொல்லவேண்டும். கேகாலையில் மார்மைட் உயிர் காத்தது என நிறுவுதற்குக் கேகாலையே சான்றாகாது. அரிசி, பருப்பு, கொயினா, பரிவான கை ஆகிய யாவும் ஒருங்கே சென்றன. இவற்றுள் எது எவரை எழுப்பியது என்று பிரித்தறிய வழியில்லை. தொண்டர்கள் சென்றது உயிர் காக்கவேயன்றிக் கணக்கெடுக்க அன்று. அது குற்றமும் அன்று. ஆனால் நம்மவர் கொடுத்தனர் என்பதற்காக அதனை நிரூபணமாக்குவோமாயின், விலை கூடியது நல்லது என்னும் கடைத்தெரு அளவுகோலுக்கும் நம் அளவுகோலுக்கும் வேறுபாடில்லை. ஒன்றைக் கொடுத்து, பிறிதொன்றைக் கொடாது, இரத்தத்தை எண்ணிப் பார்த்தவர் வில்ஸ். மார்மைட்டை நாம் நம்புவது அவர் சொல்லால்.

இவ்வொப்பீடு சில வேளை விரும்பாத விடையையும் தரும். பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. விற்றமின் ஏயாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என எதிர்பார்த்தனர். அதை உண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் நூற்றுக்கு 18 அதிகமாகவே காணப்பட்டது.

விக்கிரமசிங்கவை நாம் மீண்டும் சந்திப்பது 1971இல். அவ்வாண்டு அவரும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் இணைந்து இலங்கையின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையைத் தந்தனர். பிபிலே கண்டித் திரினிட்டிக் கல்லூரியின் மாணவர்; மருந்தியற் பேராசிரியர்; பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி. ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், மற்றவர் சமசமாஜி. மருந்து விடயத்தில் இருவரும் ஒருமித்தனர். பயன் நிரூபிக்கப்பட்டதா, நாட்டுக்குத் தேவையா, அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்ற வினாக்களால் சலித்தபோது, இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைந்தன. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வணிகப் பெயரை நீக்கி மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கிற்று. 1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். தனியார் இறக்குமதி மீண்டது. 2015ஆம் ஆண்டின் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்டவற்றை எல்லைக்கோட்டுப் பொருள்கள் என வகுத்து ஒழுங்குபடுத்த முனைகின்றது. எல்லைக்கோடு என்பது பொருத்தமான சொல்தான். வாணிபம் நன்கு விளைவதும் அவ்விடத்திலேயே.

பிபிலேயின் வினாக்களைக் கடைக்குக் கொண்டு செல்ல எவரும் நமக்குத் தடையில்லை. உடலில் குறைவது எது? குறைகிறதென்று இரத்தம் சொன்னதா, விளம்பரம் சொன்னதா? இதே பொருள் ஆஸ்பத்திரியில் இலவசமாய்க் கிடைக்கின்றதா? ஃபோலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். கருவின் முள்ளந்தண்டுக் குழாய் முதல் 28 நாளில் மூடிவிடுகின்றது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அதற்குள் அறிவதேயில்லை. எனவே கருவுறுமுன்னரே உண்டால்தான் அக்குறையைத் தடுக்கும். பரீட்சை எழுதும் பையனின் பலவண்ணப் போத்தலுக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே கர்ப்பிணிக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கிளினிக்கில் கொடுக்கப்படுகின்றன. அவள் மாத்திரையை வாங்கி வந்து, மலையேறுமுன் வெறுந்தேநீரோடு விழுங்குகின்றாள். தேயிலையின் சாயம் அந்த இரும்பைப் பிணைத்துக்கொள்ள, பெரும்பகுதி உடலிற் சேராது போகின்றது. தேநீர் வேண்டாம், தேசிக்காய்ப் புளியோடு குடி என்று மருத்துவமாது சொல்லியிருப்பாள். ஆனால் விடியற்காலை லயத்து அடுப்பிலே கொதிப்பது தேநீர்தான். தேசிக்காய் வாங்கச் சந்தைக்குப் போகவேண்டும்.